மூன்றரை மணி நேரத்து வெளிச்சம்

தை அமாவாசை. ஊரே ஆற்றுக்கும் கடலுக்கும் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வீடு திரும்பியிருந்த சாயங்காலம். நானும் நண்பர் ஒருவரும் பேட்டரி, முக்காலி, எடைக்கல், இரண்டு ஃபிளாஸ்க் காபி சகிதம் ஜவ்வாது மலை அடிவாரத்தில், நெல் அறுத்துக் காய்ந்து கிடந்த ஒரு நிலத்தில் இறங்கினோம். எங்களுக்கு அமாவாசை என்றால் வேலை நாள். மேகம் இல்லாத, லீவு போடாமல் சமாளிக்க முடிகிற அமாவாசை வருடத்துக்கு மூன்றோ நான்கோ தேறினால் அதிகம். தினசரிக் காலண்டர் வாங்கியதும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.

நன்றாக இருட்டியதும் ஆரம்பித்தோம். எட்டரை மணி இருக்கும். வரப்பு மேல் ஒரு டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே வந்து, நேராகத் தொலைநோக்கியின் வாயில் விழுந்தது.

"யாரு தம்பி அங்க?"

"வானத்தைப் படம் எடுக்கிறோம்யா. அந்த டார்ச்சைக் கொஞ்சம் அணைச்சிடுங்களேன்."

அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து வரப்பில் உட்கார்ந்தார். பக்கத்து நிலத்துக்காரர். மோட்டார் போட வந்தவர். கொஞ்ச நேரம் அந்த வெள்ளைக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தத்தையே காணோமே. எப்பப் புடிப்பீங்க?"

"புடிச்சுக்கிட்டேதான்யா இருக்கு. மூணு நிமிசத்துக்கு ஒண்ணு."

"ஒரு போட்டோவுக்கு மூணு நிமிசமா?"

"இல்லய்யா. ஒரு போட்டோவுக்கு மூணரை மணி நேரம்."

சிரித்துவிட்டார். "கல்யாண வீட்டு போட்டோகிராஃபரே தேவலாம் போல."

அவர் கேட்டது சரியான கேள்விதான். மூன்றரை மணி நேரம் எதற்கு? இந்தப் பொழுதுபோக்கின் மொத்த விஷயமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

நாங்கள் அன்று குறிவைத்தது ஓரியன் நெபுலா. மார்கழி, தை இரவுகளில் வானத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் நிற்குமே, அதற்கு வடக்கே செக்கச் சிவந்து நிற்பது திருவாதிரை. மூன்றுக்கும் தெற்கே, மங்கலாகச் சில நட்சத்திரங்கள் கோடாகத் தொங்கும். அதன் நடுவில் ஒன்று மட்டும் புள்ளியாக இல்லாமல் லேசாகப் புகைந்தாற்போல் தெரியும். அதுதான். சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்தில், புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் வாயுவும் தூசியும் கலந்த மேகம். பட்டியல் எண் M42. 18-ஆம் நூற்றாண்டில் வால்நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் சார்ல் மெஸ்ஸியே, தன்னை ஏமாற்றிய மங்கல் திட்டுகளையெல்லாம் ஒரு பட்டியலாக எழுதி வைத்தார். 'இதைப் பார்த்து ஏமாறாதே' என்று போட்ட அந்தப் பட்டியல்தான் இன்று எங்கள் ஷாப்பிங் லிஸ்ட்.

முதன்முதலாகத் தொலைநோக்கியில் கண் வைத்து M42-ஐப் பார்ப்பவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்திரிகைகளில் பார்த்த சிவப்பும் ஊதாவும் எங்கே? தெரிவது சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் பிசிறு. பொய் சொல்லி ஏமாற்றிவிட்டது போல நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள். தப்பு தொலைநோக்கியில் இல்லை. இருட்டில் வேலை செய்யும் கண்ணின் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அதைவிடப் பெரிய குறை, கண்ணுக்குச் சேமிக்கத் தெரியாது. வினாடியின் ஒரு சிறு பங்கு நேரத்தில் வந்த வெளிச்சத்தை மூளைக்குத் தள்ளிவிட்டு, பழையபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிடம் முறைத்துப் பார்த்தாலும் காட்சி பத்து மடங்கு பிரகாசமாகாது. கேமரா சென்சார் அப்படியில்லை. விழுந்ததை எல்லாம் வைத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் சென்சாரில் குப்பையும் சேரும். வானத்தின் பின்னணி வெளிச்சம், சென்சாரின் சூடு, மின்சுற்றின் இரைச்சல். அதனால் எங்கள் மூன்று நிமிடப் படம் ஒவ்வொன்றும் மணல் தூவியது போல் இருக்கும். இதற்கு வழிதான் ஸ்டாக்கிங், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பது. திருவிழாக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று கத்துகிறார்கள். ஒருவர் மட்டும் தொலைந்துபோன பிள்ளையின் பெயரையே திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார் என்று வையுங்கள். சற்று நேரம் காது கொடுத்தால் அந்தப் பெயர் மட்டும் தனியாகக் கேட்க ஆரம்பிக்கும். நெபுலாவின் வெளிச்சம் ஒவ்வொரு படத்திலும் ஒரே இடத்தில் விழுகிறது. மணல் இடம் மாறி மாறி விழுகிறது. கணக்கு மட்டும் கொஞ்சம் கொடூரமானது. படம் இரண்டு மடங்கு சுத்தமாக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு வேண்டும். ஒரு மணி நேரப் படத்தை மேம்படுத்த நான்கு மணி நேரம். அதையும் மேம்படுத்தப் பதினாறு மணி நேரம். லென்ஸுக்குக் கடன் வாங்கலாம். அமாவாசைக்கு யாரிடம் கடன் வாங்குவது?

சாயாத முக்காலி, தெரியாத துருவம்

மூன்று நிமிடம் ஷட்டரைத் திறந்து வைப்பது சொல்வதற்குச் சுலபம். பூமி சும்மா இருக்காதே. என் கருவி 80 மில்லிமீட்டர் விட்டமும் 480 மில்லிமீட்டர் குவியத்தூரமும் உள்ள ஒரு சாதாரண லென்ஸ் தொலைநோக்கி. அதை அசையாமல் நிறுத்தினால், ஒரே வினாடிக்குள் நட்சத்திரம் என் சென்சாரில் ஒன்பது பிக்ஸல் தாண்டிப் போய்விடும். ஆகவே பூமி சுழலும் அதே வேகத்தில் தொலைநோக்கியை எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே இருக்கும் மவுண்ட் வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் பெரிய தொலைநோக்கிக்குப் பணம் சேர்க்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: பணத்தை மவுண்டில் போடுங்கள். ஆடுகிற முக்காலியில் வைத்த பெரிய கண்ணாடியைவிட ஆடாத மவுண்டில் வைத்த சின்ன லென்ஸ் மேல்.

மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, வானத்தின் வட துருவத்தை நோக்க வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் "துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்தக் கையேடுகளை எழுதியவர்களைத் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அழைத்துவந்து நிறுத்த வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது அந்த ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. லண்டனில் 51 டிகிரி. எங்கள் நிலத்தில் பன்னிரண்டரை. கன்னியாகுமரியில் எட்டு. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் சுமார் பத்து டிகிரி. அந்த உயரத்தில் எங்கள் பக்கம் இருப்பது ஒரு புளியமரம். மரம் இல்லாவிட்டால் புழுதி மங்கல். போதாக்குறைக்கு, அச்சை இவ்வளவு தாழ்த்தினால் மவுண்டின் எடைக்கல் முக்காலியின் காலில் போய் இடிக்கும். ஒரு முறை நள்ளிரவில் 'டங்' என்று கேட்டதும், மோட்டார் எரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இப்போது இதற்கு மருந்து வந்துவிட்டது. வானத்தில் தெரிகிற ஏதோ ஒரு மூலையைச் சில முறை படம் எடுத்துக் கொடுத்தால், அந்த நட்சத்திரக் கோலத்தை அட்டவணையோடு ஒப்பிட்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று மென்பொருளே சொல்லிவிடும். நினா என்ற இலவச மென்பொருளில் அந்த வசதி உண்டு. துருவ நட்சத்திரம் புளியமரத்துக்குப் பின்னாலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

வடக்கில் இழந்ததைத் தெற்கில் வாங்கிக்கொள்ளலாம் என்பது இங்கே பிறந்தவர்களின் அதிர்ஷ்டம். நாங்கள் M42-ஐ முடித்துவிட்டுப் பின்னிரவில் குழாயைத் தெற்கே திருப்பினோம். கரீனா நெபுலா, ஓரியனைப் போல நான்கு மடங்கு பெரியது, தாழ்வாக ஆனால் தெளிவாக நின்றது. அதிகாலை மூன்று மணிக்கு ஒமேகா சென்டாரி: ஒரு கோடி நட்சத்திரங்களின் உருண்டை. கரீனாவும் ஒமேகா சென்டாரியும் லண்டன்காரருக்கு ஆயுளுக்கும் தொடுவானத்துக்குக் கீழேதான். தென்வானத்தைப் பட்டியலிட வானியலாளர் எட்மண்ட் ஹாலி 1676-இல் கப்பலேறி செயின்ட் ஹெலினா தீவு வரை போக வேண்டியிருந்தது. நமக்குக் கடலூர், காரைக்கால் மொட்டைமாடி போதும்.

51 நிமிடத்திலிருந்து 111 மணி வரை

இந்தப் பைத்தியம் புதிதல்ல. நியூயார்க் மருத்துவர் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30-ஆம் தேதி இரவு, 11 அங்குலத் தொலைநோக்கியில் 51 நிமிடம் காத்திருந்து, இதே ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படம் பிடித்தார். அதற்கு முன் ஏன் யாரும் பிடிக்கவில்லை? அன்றைய கண்ணாடித் தகட்டில் மருந்தைத் தடவி, ஈரம் காய்வதற்குள் எடுத்தாக வேண்டும். சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. உலர் தகடு புழக்கத்துக்கு வந்த பிறகுதான் 'காத்திருப்பது' என்பதே சாத்தியமானது.

மூன்றே ஆண்டில் அவரை ஒருவர் மிஞ்சினார். லண்டனை ஒட்டிய ஈலிங்கில் குடியிருந்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்லி காமன். தொழில் சுகாதாரப் பொறியியல், வானியல் பொழுதுபோக்கு. தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, 1883-இல் அவர் எடுத்த ஓரியன் படத்தில், அதே தொலைநோக்கியில் கண்ணால் பார்த்தால் தெரியாத நட்சத்திரங்கள் பதிந்திருந்தன. கண்ணுக்கு எட்டாததைத் தகடு பார்க்கும் என்பதற்கு அது சாட்சி ஆனது. 1884-இல் ராயல் வானியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1888-இல் லிவர்பூல் அருகே, கட்டுமானத் தொழிலில் சம்பாதித்த ஐசக் ராபர்ட்ஸ் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியைப் படம் எடுக்க, அந்த மங்கல் திட்டுக்குள் சுருள் கைகள் இருப்பது வெளிப்பட்டது. காமனும் ராபர்ட்ஸும் வேறு தொழில் செய்து வயிறு வளர்த்தவர்கள்தான்.

நம் வைணு பாப்புவையும் ஒரு படம்தான் முதலில் பிரபலப்படுத்தியது. 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தான் எடுத்த தகட்டில் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டார். பிறகு ஊர் திரும்பி, ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை உருவாக்கினார். 1986 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி, நாங்கள் குந்தியிருந்த அதே மலைத்தொடரின் மேலேதான் இருக்கிறது. அதன் முன்னால் என் 80 மில்லிமீட்டர் கொசு. ஆனால் கொசுவுக்கும் ஒரு நாள் வரும்.

பிரான்ஸைச் சேர்ந்த யான் செய்ன்டி என்ற அமெச்சூர், 106 மில்லிமீட்டர் லென்ஸ் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமெடாவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். உலகத்திலேயே அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட கேலக்ஸிகளில் ஒன்று அது. புதிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆக்ஸிஜனின் நீலப்பச்சை வெளிச்சத்தை மட்டும் விடும் ஃபில்டரில் அவர் எடுத்த படத்தில், கேலக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு வில் தெரிந்தது. ஃபில்டரின் பிரதிபலிப்போ, தூசியோ? மார்செல் ட்ரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் என்ற இரு அமெச்சூர் கூட்டாளிகளோடு சேர்ந்து சரிபார்த்தார்கள். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். மொத்தம் 22 இரவு, 111 மணி நேரம். வில் நிஜம். நிலா மூன்றை வரிசையாக வைத்த நீளம். 2023 ஜனவரியில் தொழில்முறை வானியலாளர்களோடு சேர்ந்து ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார்கள். அது ஆண்ட்ரோமெடாவை ஒட்டியதா, நம் பால்வீதிக்குள் முன்புறம் கிடப்பதா என்று விவாதம் கிளம்பியது.

இவ்வளவு பெரியது பெரிய தொலைநோக்கிகளுக்கு எப்படித் தப்பியது? அவை பார்ப்பது வானத்தின் ஊசித்துளையை. அதோடு, அங்கே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விண்ணப்பம் போட்டுக் காரணம் சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லை என்று எல்லோரும் நம்பும் ஒரு மூலைக்கு 111 மணி நேரம் தாருங்கள் என்று எந்தக் குழுவிடம் கேட்க முடியும்? வீட்டில் கேட்டால் திட்டு விழும், அவ்வளவுதான், நேரம் கிடைத்துவிடும். 2004-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜே மெக்நீல் மூன்று அங்குலத் தொலைநோக்கியில் ஒரு புதிய நெபுலாவையே கண்டார். 2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் விக்டர் பூசோ, புதுக் கேமராவைச் சோதிக்க ஒரு கேலக்ஸியை எடுத்துக்கொண்டிருந்தபோது, சூப்பர்நோவா ஒன்று வெடித்துக் கிளம்பும் முதல் வெளிச்சமே சிக்கியது. குருட்டு யோகம்தான். ஆனால் வெளியில் நின்றவனுக்குத்தானே அது வாய்க்கும்.

"நிஜக் கலரா சார்?"

கண்காட்சியில் படம் வைத்தால் பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் கேட்பார்கள். கோபம் வரும், ஆனால் கேள்வி நியாயமானது. ஓரியனின் சிவப்பு நிஜம். ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டரில் உமிழும் வெளிச்சம் அது. கடையில் வாங்கும் சாதாரணக் கேமராவில், முகத்தின் நிறம் கெடாமலிருக்க ஒரு ஃபில்டர் ஒட்டி விடுகிறார்கள். அது இந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதனால்தான் கேமராவைப் பிரித்து அந்த ஃபில்டரைக் கழற்றுகிறோம். பிறகு அதே கேமராவில் வீட்டு விசேஷத்தை எடுத்தால் எல்லோரும் வெற்றிலை போட்ட வாய் போலச் சிவந்திருப்பார்கள்.

ஹப்பிள் தொலைநோக்கி 1995-இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' கதை வேறு. கந்தகம், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றையும் தனித்தனியாக எடுத்து, முறையே சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒதுக்கினார்கள். வரைபடத்தில் மாவட்டத்துக்கு ஒரு வண்ணம் தீட்டுவது போல. பொய் என்று சொல்ல மாட்டேன். எது எங்கே இருக்கிறது என்று காட்டும் முறை. எனக்கு ஒப்பாதது, மணலை நீக்குகிறேன் என்று புதிய மென்பொருள்கள் இல்லாத இழைகளை வரைந்து கொடுப்பது. மூன்றரை மணி நேரம் பனியில் நின்று சேர்த்தது கொஞ்சம் சொரசொரப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கும் இந்த ஃபில்டர்கள்தான் கைகொடுக்கின்றன. ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் இரண்டை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரைப் போட்டு, சென்னை மாடியிலிருந்தே நெபுலாவைப் பிடித்துவிடலாம். கேலக்ஸியை முடியாது. அது நட்சத்திரங்களின் வெளிச்சம், எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது, தெருவிளக்கும் அப்படியே. பழைய சோடியம் விளக்கின் மஞ்சளையாவது தனியாக வெட்டி எறிய முடிந்தது. வெள்ளை எல்இடியை எங்கே வெட்டுவது? கரண்ட் கட்டுக்காக ஏங்குகிற ஒரே ஜாதி நாங்கள்தான்.

2023 முதல் சீஸ்டார் போன்ற 'ஸ்மார்ட்' தொலைநோக்கிகள் வந்து இந்தப் பாட்டையெல்லாம் பாதியாக்கிவிட்டன. 50 மில்லிமீட்டர் லென்ஸ், உள்ளேயே கேமரா, ஃபில்டர், அடுக்கும் வேலை. போனில் பெயரைத் தட்டினால் தானே தேடிப் பிடிக்கும். 'இதில் என்ன கலை இருக்கிறது' என்று நான் பல மேடைகளில் முனகியிருக்கிறேன். முனகிக்கொண்டேதான் ஒன்று வாங்கினேன். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியிருக்கும் நீலத் தூசியை ஐந்து நிமிடத்தில் காட்ட அதைவிட்டால் வழியில்லை.

அன்றைய இரவுக்கு வருகிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை, மாசியில் வானம் திறக்கும். கூடவே பனியும் வரும். முதல் வருடம் அது தெரியாமல் நாற்பது படம் எடுத்து, வீட்டில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு படமும் முந்தையதைவிட மங்கல். லென்ஸில் பனி பூத்துக்கொண்டே போயிருக்கிறது. இப்போது லென்ஸின் கழுத்தில் சூடேற்றும் பட்டை கட்டாமல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை. பதினொன்றரைக்கு எழுபதாவது படம் முடிந்தது. நெபுலாவின் நடுவில் நான்கு குட்டி நட்சத்திரங்கள் உண்டு; மூன்று நிமிடப் படத்தில் அந்த இடமே வெந்து வெளுத்துவிடும். அதற்காகப் பத்து வினாடிப் படங்கள் கொஞ்சம் தனியாக எடுத்துக்கொண்டோம்.

கிழக்கு வெளுத்தபோது மோட்டாரை நிறுத்தப் பக்கத்து நிலத்துக்காரர் மறுபடி வந்தார். நாங்கள் தொலைநோக்கியின் வாயில் நண்பரின் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டிக்கொண்டிருந்தோம்.

"அதுக்கு எதுக்குய்யா வேட்டி?"

சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியின் நிழலும், லென்ஸின் ஓரத்து இருட்டும் எல்லாப் படத்திலும் பதிந்திருக்கும். ஒரே சீரான வெள்ளையை ஒரு முறை எடுத்து வைத்துக்கொண்டால், அந்தக் கறையைப் பிறகு நீக்கிவிடலாம். அதற்கு விடிகாலை வானமும் வெள்ளைத் துணியும் போல ஒன்று கிடையாது. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் வேட்டியின் ஒரு முனையை இழுத்துச் சுருக்கம் எடுத்துவிட்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து, முடிந்த படத்தை அவர் மகனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். சிறகு விரித்த ஒரு சிவப்பு, அதன் நடுவே வெளிச்சக் குகை, ஓரமெல்லாம் பழுப்புத் தூசி. அரை மணி நேரத்தில் குரல் பதிவு வந்தது.

"சார், அப்பா பார்த்தாரு. நல்லாருக்குன்னாரு. அன்னிக்கு அவரு டார்ச் அடிச்சாராமே, அந்தப் போட்டோ எதுன்னு கேக்கறாரு."

பதினான்காவது படம். அடுக்கும்போது அதை மட்டும் தள்ளி வைத்திருந்தேன். திறந்து பார்த்தேன். நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை, முழுக்க வெள்ளை. அதையும் அனுப்பி வைத்தேன்.